சிறு மூட்டையும் பெருமலையும்

1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டில்மன் என்னும் ஆங்கிலேயர் தம் நண்பர் ஒருவருக்கு ஒரு யோசனை தெரிவித்தார். இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரிகள் சூழ்ந்த குன்றுகள் உள்ளன. அங்கே இரண்டு வாரம் மலையேறி வரலாமா என்பதே அந்த யோசனை. நண்பர் எரிக் ஷிப்டன் அதற்கு நேராக விடை கூறவில்லை. இரண்டு வாரம் எதற்கு, ஏழு மாதம் இமயமலைக்குப் போய் வருவோமே என்றார். டில்மன் அதற்கு இசைந்தார். அவ்வளவு எளிதாகத் தொடங்கிய அந்தப் பயணம், மலைப் பயணங்களின் வரலாற்றில் தனியிடம் பெற்றுவிட்டது.

இருவரும் அயல்நாடுகளில் அலைந்து பழகியவர்கள். ஷிப்டன் 1907ஆம் ஆண்டில் இலங்கையில் பிறந்தவர். தந்தையார் அங்கே தேயிலைத் தோட்டக்காரர். டில்மன் அவரினும் ஒன்பது ஆண்டு மூத்தவர். பள்ளியிலிருந்து நேரே முதல் உலகப் போருக்குச் சென்று, காயமுற்று, வீரப் பதக்கம் பெற்றுத் திரும்பியவர். பின்னர் இருவரும் கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில் காப்பித் தோட்டம் நடத்தப் போனார்கள். அங்கேதான் அவர்களுக்குள் நட்பு உண்டாயிற்று. 1930இல் கென்யா மலையின் கடினமான மேற்கு முகட்டின் வழியாக ஏறி உச்சியை அடைந்தனர். தோட்டத்தை விட்டு ஊர் திரும்ப எண்ணியபோது டில்மன் கப்பலேறும் துறைமுகத்தைத் தேடவில்லை. ஒரு மிதிவண்டி வாங்கினார். காங்கோவின் காடுகளினூடே ஏறத்தாழ 3,000 மைல் தனியாக ஓட்டிச் சென்று, ஆப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரையை அடைந்த பின்னரே கப்பலேறினார். வழியில் வாழைப்பழமே அவருக்குப் பெரும்பாலும் உணவு. இத்தகைய மனிதருக்கு ஏழு மாதம் இமயமலை என்றால் கசக்குமா?

அக்காலத்தில் இமயமலைப் பயணம் என்பது ஒரு சிறு படையெடுப்புப் போலவே நடைபெறும். 1933இல் எவரெஸ்ட் சிகரத்தை நாடிச் சென்ற குழுவில் ஷிப்டனும் ஒருவர். நூற்றுக்கணக்கான பொதிவிலங்குகள், பெட்டி பெட்டியாக அடைத்த உணவுகள், மேசை நாற்காலிகள் ஆகியவற்றுக்கு நடுவே அவர் மலையைக் காண்பதே அரிதாயிற்று. இத்தனை சாமான்களைச் சுமப்பதற்கு ஆட்கள், அவ்வாட்களுக்கு உணவு, அவ்வுணவைச் சுமப்பதற்கு மேலும் ஆட்கள். இந்தக் கணக்குக்கு முடிவே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே, ஒரு பழைய கடித உறையின் பின்புறத்தில் எழுதி முடிக்கத்தக்க திட்டமே நல்ல திட்டம் என்பது இந்நண்பர்களின் கொள்கையாயிற்று. கப்பல் கட்டணம், உணவு, கூலி உட்பட இருவருக்குமாகச் சேர்ந்த மொத்தச் செலவு 300 பவுனுக்கும் குறைவு. ஏப்ரல் மாதத்தில் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறிக் கல்கத்தா வந்து சேர்ந்தனர்.

அவர்களோடு மூன்று ஷெர்ப்பாக்கள் சேர்ந்துகொண்டனர்: ஆங் தார்க்கே, பாசாங், குசாங். ஆங் தார்க்கே முந்திய ஆண்டு எவரெஸ்ட் மலையில் சுமை தூக்கியவர். உருவத்தில் சிறியவர், உறுதியில் பெரியவர். பிற பயணங்களில் துரைமார் ஒரு கூடாரத்திலும் சுமையாட்கள் வேறொரு கூடாரத்திலும் இருப்பார்கள். உணவும் வேறு வேறாகவே இருக்கும். இங்கே அந்த வேற்றுமை இல்லை. வறுத்த பார்லி மாவு, அரிசி, பருப்பு, நெய், சர்க்கரை, தேயிலை ஆகியவையே ஐவருக்கும் உணவு. ஐவர் முதுகிலும் மூட்டை இருந்தது. கூலி கொடுப்பவர் என்பதற்காக ஒருவர் மூட்டை இலேசாக இருக்கவில்லை.

அவர்கள் நாடிச் சென்ற இடம் நந்தாதேவி. இந்திய எல்லைக்குள்ளேயே முழுவதும் அமைந்த சிகரங்களுள் மிக உயர்ந்தது அதுவே. உயரம் 7,816 மீட்டர், அதாவது 25,600 அடிக்கு மேல். அதன் உயரத்தினும் வியப்பூட்டுவது அதன் அரண். ஏறத்தாழ 70 மைல் சுற்றளவுள்ள மலை வளையம் ஒன்று கோட்டை மதில் போல அதனைச் சூழ்ந்து நிற்கிறது. அம்மதிலில் 17,000 அடிக்குத் தாழ்ந்த இடம் எங்கும் இல்லை. மேற்கே ஓரிடத்தில் மட்டும் ரிஷிகங்கை ஆறு மதிலைப் பிளந்துகொண்டு வெளியே பாய்கிறது. வளையத்தின் உட்புறத்தில் அதுவரை மனிதர் எவரும் கால் வைத்ததாகத் தெரியவில்லை. 1883 முதல் பலர் முயன்றனர். 1905இல் லாங்ஸ்டாப் என்பவர் மதிலின் ஓரிடத்தில் ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். இறங்க வழியில்லாமல் திரும்பினார். ரட்லெட்ஜ் என்பவர் மூன்று முறை வந்து மூன்று முறையும் ஏமாந்தார். பெருங்குழுக்களால் திறக்க முடியாத அந்தக் கதவை ஐந்து பேர் திறக்கப் போவதாகச் சொன்னால் யார் நம்புவார்?

வழியில் உதவ வந்த சுமையாட்களுக்கு மே மாத இறுதியில் கூலி கொடுத்து அனுப்பிவிட்டனர். ஐந்து வாரத்துக்கான உணவோடு ஐவர் மட்டும் ரிஷிகங்கையின் பள்ளத்தாக்கில் நின்றனர். இருபுறமும் ஆயிரக்கணக்கான அடி உயரத்துக்குச் செங்குத்தான பாறைச் சுவர். அடியில் இரைந்தோடும் ஆறு. பாறைகளில் இங்குமங்கும் ஒட்டிக்கொண்டிருந்த ஒடுங்கிய திட்டுகளே வழி. ஒரு திட்டு எங்கே முடிகிறது, அதற்கு அப்பால் மற்றொரு திட்டு இருக்கிறதா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். பாதி நாள் தேடிய வழி ஒரு பாறை மூலையில் முடிந்து போவதும், வந்த வழியே திரும்புவதும் வழக்கமாயிற்று.

அங்கே சுமையின் கணக்கு நன்கு விளங்கியது. எல்லா மூட்டைகளையும் ஐவர் ஒரே நடையில் கொண்டு போக இயலாது. ஒரு பாதியைக் கொண்டு போய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து மறு பாதியை எடுத்துச் செல்ல வேண்டும். ஆகவே, ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடக்க வேண்டும். மூட்டையை மூன்று பங்காக்கினால் ஐந்து மைல். இந்தக் கணக்கை நன்கு அறிந்தவன் தேவையற்ற ஒரு சட்டையைக்கூடத் தூக்கமாட்டான்.

ஆற்றைக் கடப்பது பாறையைக் கடப்பதினும் அச்சம் தருவதாக இருந்தது. பனி உருகி வரும் ஆறுகளுக்கு ஓர் இயல்பு உண்டு. இரவில் குளிரால் உருகுதல் குறைவதால் விடியற்காலையில் நீர் தாழ்ந்திருக்கும். வெயில் ஏற ஏற நீரும் ஏறும். இதை அறியாமல் நண்பகலில் இறங்கினால் உயிருக்கு ஆபத்து. இடுப்பளவு பனிநீரில், முதுகில் மூட்டையோடு, ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு அவர்கள் அடி வைத்தனர். கால் மரத்துப் போய்விடுவதால், எந்தக் கல்லின்மேல் நிற்கிறோம் என்பதே தெரியாது. ஒருவர் தடுமாறினால் அனைவரும் போக வேண்டியதுதான்.

பள்ளத்தாக்கின் மேற்பகுதி ஏறத்தாழ நான்கு மைல் நீளமே. அந்த நான்கு மைலுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. கடைசியில், இனி வழியே இல்லை என்று தோன்றிய ஒரு பாறைச் சரிவில், ஒரு மெல்லிய திட்டு அறுபடாமல் அப்பால் சென்றது. அதன் வழியே ஐவரும் உள்ளே நுழைந்தனர்.

உள்ளே அவர்கள் கண்டது பனியும் பாறையும் மட்டும் அன்று. பரந்த புல்வெளிகள், மலர்கள், மனிதனைக் கண்டறியாததால் அஞ்சி ஓடாத மலையாடுகள், நடுவே வானை முட்டி நிற்கும் நந்தாதேவி! சில வாரங்கள் அங்கே சுற்றி, அளவு எடுத்து, படம் வரைந்தார்கள். சிகரத்தில் ஏற அவர்கள் முயலவில்லை. அதற்கு வேண்டிய ஆளும் பொருளும் தம்மிடம் இல்லை என்பதை அறிந்திருந்தனர். ஜூன் இறுதியில் பருவமழை நெருங்கியது. ஆறு பெருகி வழியை அடைப்பதற்குள் வெளியேறினார்கள்.

மழைக்காலம் முழுவதும் சும்மா இருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பத்ரிநாத்துக்குச் சென்றனர். பத்ரிநாத்தும் கேதார்நாத்தும் தமிழர்க்குப் புதியன அல்ல. முன்னது ஆழ்வார்கள் பாடிய வதரி. பின்னது தேவாரம் பெற்ற திருக்கேதாரம். இரண்டுக்கும் இடையே பறவை செல்லும் வழியில் 25 மைல் தூரமே இருக்கும். ஆனால் நடுவில் பனிமலை மறிப்பதால், யாத்திரிகர்கள் பள்ளத்தாக்குகளில் இறங்கி நெடுந்தொலைவு சுற்றியே போக வேண்டும். முற்காலத்தில் ஒரே பூசகர் இரண்டு கோயில்களிலும் ஒரே நாளில் பூசை செய்து வந்தார் என்று அவ்வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகிறது. அப்படியானால் மலையின் குறுக்கே ஒரு வழி இருந்திருக்க வேண்டுமே! அதைத் தேடிப் பார்த்துவிடலாம் என்று ஐவரும் புறப்பட்டனர்.

பனிக்கட்டியாற்றின் மேலே ஏறி, 18,000 அடிக்கு மேற்பட்ட முகடு ஒன்றை அடைந்தனர். மறுபுறம் நோக்கினால் மூடுபனி. பனி விலகிய சிறு பொழுதில் கீழே வெகு ஆழத்தில் பச்சைக் காடு தெரிந்தது. இரண்டொரு நாளில் இறங்கி ஊர் சேர்ந்துவிடலாம் என்று எண்ணினர். உடைந்து தொங்கிய பனிக்கட்டிச் சரிவுகளில் கயிற்றைப் பிடித்து இறங்கினர். இறங்கிய வழியில் மீண்டும் ஏறுவது அரிது என்பது பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. உணவும் குறைந்துகொண்டே வந்தது. இனிக் காட்டுக்குள் போவதைத் தவிர வேறு வழியில்லை.

மேலிருந்து பார்த்தபோது பட்டு விரித்தாற்போலத் தோன்றிய அந்தக் காடு, உள்ளே சென்றதும் தன் உண்மை உருவத்தைக் காட்டியது. ஆள் உயரத்துக்கு மேல் நெருங்கி வளர்ந்த மூங்கில், முட்புதர்கள், அழுகி விழுந்த மரங்கள், அவற்றின்மேல் வழுக்கும் பாசி. இரவு பகலாக மழை கொட்டியது. பகல் முழுவதும் கத்தியால் வெட்டி வழி செய்து நடந்தாலும், மாலையில் திரும்பிப் பார்த்தால் ஒரு மைல் கடந்திருப்பார்கள். பனிமலையில் ஒரு நாளில் பல மைல் நடந்தவர்களுக்கு இந்த ஒரு மைல் எவ்வளவு துன்பம் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இடையிடையே பக்கத்து மலைகளிலிருந்து பாய்ந்து வரும் ஓடைகள் குறுக்கிட்டன. மழையால் அவை பெருவெள்ளமாக இருந்தன. ஓரிடத்தில் கடக்கவே முடியாமற் போகவே, கரையில் நின்ற உயர்ந்த பைன் மரங்களை வெட்டி வீழ்த்திப் பாலம் அமைக்க வேண்டியதாயிற்று. அவர்களிடம் கோடரி இல்லை. இருந்தது குக்ரி என்னும் வளைந்த கத்திதான்.

கொண்டுவந்த மாவு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. அப்பொழுதுதான் ஷெர்ப்பாக்களின் அறிவு கைகொடுத்தது. மலைக்காட்டில் எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்பது அவர்களுக்குத் தெரியும். இளமூங்கிற் குருத்துகளை ஒடித்து வேகவைத்தார்கள். மரங்களில் முளைத்த காளான்களுள் நல்லனவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த உணவால் வயிறு நிறையவில்லை, உயிர் நின்றது. அதற்கும் ஒரு போட்டி இருந்தது. அக்காட்டுக் கரடிகளுக்கும் மூங்கிற் குருத்துதான் விருப்பமான உணவு. இவர்கள் போய்ச் சேருவதற்கு முன்பே பல இடங்களில் அவை குருத்துகளைத் தின்று தீர்த்துவிட்டிருந்தன. ஒடிந்த மூங்கிலையும் புதிய கால் தடங்களையும் பார்த்துக்கொண்டு, பசியோடு நடந்தார்கள். இரவில் பாறை நிழலோ மரத்தடியோ கிடைத்தால், ஈர விறகை எப்படியோ பற்றவைத்து, அந்தத் தீயைச் சுற்றி ஐவரும் நெருங்கி உட்கார்ந்துகொண்டனர். அத்தீயின்முன் துரை யார், சுமையாள் யார் என்று பிரித்தறிந்திருக்க முடியாது.

பல நாள்களுக்குப் பிறகு அவர்கள் கௌண்டார் என்னும் சிற்றூரை அடைந்தனர். உடை கிழிந்து, தாடி வளர்ந்து, காட்டிலிருந்து வெளிப்பட்ட ஐவரைக் கண்டு ஊரார் வியப்புற்றிருப்பர். ஏழை ஊர், அதனால் தர முடிந்தது சிறிது மாவும், ஒரு வெள்ளரிக்காயும், சில உலர்ந்த பழங்களும்தாம். பசித்து வந்த ஐவருக்கும் அது விருந்தாயிற்று.

இந்தக் காட்டுப் பயணத்தில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மூடுபனியில் ஒருகணம் தெரிந்த காட்டை நம்பி, மீள முடியாத சரிவில் இறங்கியது துணிவு மட்டும் அன்று, அவசரமும் ஆகும். கொண்டுசென்ற உணவும் அந்த வழிக்குப் போதவில்லை. சிறு மூட்டையில் உள்ள ஆபத்து இதுவே: எல்லாம் நினைத்தபடி நடந்தால் அது விடுதலை, ஒன்று தவறினால் அதுவே பஞ்சம். தவறு நேர்ந்தபோது, அதற்குத் தங்கள் உயிரையும் ஈடாக வைத்தவர்கள் அந்த மூன்று ஷெர்ப்பாக்கள். வழியைத் தேர்ந்தவர்கள் ஆங்கிலேயர்; உணவைத் தேடித் தந்தவர்கள் மலைநாட்டார். பயண வரலாறுகளில் முன்னவர் பெயர் பெரிதாகவும் பின்னவர் பெயர் சிறிதாகவும் எழுதப்படுவது வழக்கம். ஷிப்டன் அவ்வாறு செய்யவில்லை என்பது அவர் பெருமை. ஷெர்ப்பாக்களின் தோழமையைத் தம் பயணங்களின் பெரும்பேறுகளுள் ஒன்றாக அவர் மதித்தார்.

அவ்விரு நண்பர்களைப் பற்றி இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஆங்கிலேயர்களுள் நெருங்கிய நண்பர்கள் குடும்பப் பெயரை விட்டு இயற்பெயரால் அழைத்துக்கொள்வார்கள். ஒரே கயிற்றில் தொங்கி, ஒரே கலத்தில் உண்டு பல காலம் கழிந்த பின்னும் டில்மன் தம் நண்பரை "ஷிப்டன்" என்றே அழைத்து வந்தார். எரிக் என்று கூப்பிடலாகாதா என்று ஷிப்டன் ஒருநாள் கேட்டார். அப்படிக் கூப்பிட்டால் கேட்க மிகவும் அசட்டுத்தனமாக இருக்கிறதே என்று டில்மன் கூச்சத்தோடு மறுத்துவிட்டார்! பேச்சில் அத்தனை சிக்கனம்; மூட்டையில் இருந்த அதே சிக்கனம்.

மழை ஓய்ந்த செப்டம்பரில் ஐவரும் மீண்டும் நந்தாதேவியின் உள்வளையத்துக்குள் சென்றனர். முன்பு பாராத தென்பகுதியை ஆராய்ந்து, சிகரத்துக்குத் தெற்கு முகட்டின் வழியாக ஏறக்கூடும் என்று கண்டறிந்தனர். திரும்பும்போது வந்த வழியே வராமல், தெற்கு மதிலில் உள்ள சுந்தர்துங்கா கணவாயின் மேலேறி, மறுபுறத்துப் பனிச்சரிவில் இறங்கினர்.

அவர்கள் காட்டிய வழியில் இரண்டு ஆண்டு கழித்து ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சேர்ந்த குழு ஒன்று சென்றது. 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் டில்மனும், ஓடெல் என்பவரும் நந்தாதேவியின் உச்சியில் நின்று கைகுலுக்கிக்கொண்டனர். 1950இல் பிரெஞ்சுக்காரர் அன்னபூர்ணாவை வெல்லும் வரை மனிதர் ஏறிய சிகரங்களுள் அதுவே மிக உயரமானது. அன்னபூர்ணாக் குழுவின் ஷெர்ப்பாக்களுக்குத் தலைவராக விளங்கியவர் வேறு யாருமல்லர். மூங்கிற்காட்டில் உடன் நடந்த அதே ஆங் தார்க்கே.

ஷிப்டன் உச்சியில் நிற்கவில்லை. அந்த ஆண்டு அவர் எவரெஸ்ட் குழுவில் இருந்தார். பின்னாளில் எவரெஸ்டுக்கு நேப்பாளத்தின் பக்கமாக உள்ள வழியை 1951இல் ஆராய்ந்து கண்டவரும் அவரே. ஆயினும் 1953ஆம் ஆண்டுப் பயணத்துக்கு அவரைத் தலைவராக்காமல், பெருங்குழுவை நடத்தத் தக்கவர் என்று ஜான் ஹண்ட் என்பவரைத் தேர்ந்தனர். நூற்றுக்கணக்கான சுமையாட்களோடு சென்ற அக்குழு வெற்றி பெற்றது. ஆகவே அம்முடிவு தவறென்று சொல்வதற்கில்லை. ஷிப்டனுக்கு அது வருத்தம் தரவில்லை என்றும் சொல்வதற்கில்லை. உச்சியை அடைந்த இருவருள் ஒருவரான டென்சிங்கை 1935ஆம் ஆண்டில் முதன்முதலாக மலைப் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தவர் ஷிப்டனே.

ஐவர் ஒன்பது நாள் போராடித் திறந்த கதவின் வழியாகப் பின்னர்ப் பலர் சென்றனர். எண்ணற்ற குழுக்கள் விட்டுச் சென்ற குப்பையாலும், வெட்டிய விறகாலும், மேய்ந்த ஆடுகளாலும் அந்தப் புல்வெளிகள் சீர்கெட்டன. 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்காவாயிற்று. அதன்பின் உள்வளையம் பயணிகளுக்கு மூடப்பட்டது. 1988இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் அதனை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

ஷிப்டன் தம் ஐம்பத்து மூன்றாம் வயதிலும் மூட்டையை இறக்கி வைக்கவில்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியில் பட்டகோனியாவின் பனிப்பரப்பை 52 நாளில் கடந்தார். 1977ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இறந்தார். டில்மனோ, மலையேறும் வயது கடந்ததும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிக் கடலில் இறங்கிவிட்டார். அதே 1977ஆம் ஆண்டு நவம்பரில், இளைஞர் சிலரோடு சிறு கப்பலொன்றில் ரியோ டி ஜனேரோ துறைமுகத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 79. அந்தக் கப்பல் திரும்பவே இல்லை.